வேற்று மண்ணின் வீரர்கள் – 9: பட்டப்பகலில் 600 கஜம்

ஹவாய் தீவுகளில் பிறந்து வளர்ந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களைத் திரட்டி 1942 ஜூனில் 100வது காலாட்படை பட்டாலியனை அமைத்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். ஏறக்குறைய 1,400 பேர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு இவர்களை நம்புவதா வேண்டாமா என்று வாஷிங்டன் மாதக்கணக்கில் தடுமாறியது. விஸ்கான்சினில் பனியில் பயிற்சி எடுத்த அவர்கள், 1943 தொடக்கத்தில் மிசிசிப்பியில் உள்ள ஷெல்பி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு புதிய செகண்ட் லெப்டினன்ட் பணியேற்க வந்து நின்றார். வயது 24. பெயர் யங் ஓக் கிம்.

பெயரைப் பார்த்ததுமே பட்டாலியன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஃபேரன்ட் டர்னருக்குச் சங்கடமாகிவிட்டது. இது ஜப்பானிய வம்சாவளிப் பையன்களின் பட்டாலியன். வந்திருப்பவரோ கொரியர். இரு தரப்புக்கும் ஒத்துப்போகாது, வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கித் தருகிறேன் என்றார் டர்னர். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். கிம் வேண்டாம் என்றார். இங்கே ஜப்பானியர் என்றும் கொரியர் என்றும் யாரும் இல்லை, எல்லோரும் அமெரிக்கர்கள், ஒரே நோக்கத்துக்காகத்தான் போராடப் போகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

கிம்மைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தப் பதிலை விடுவதில்லை. மேடையில் சொன்னால் கைதட்டல் வாங்கக்கூடிய வாசகம் அது. ஆனால் 1943இல் அதைச் சொன்னவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும்.

1903 ஜனவரி 13 அன்று கேலிக் என்ற கப்பல் ஹோனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து இறங்கிய 100க்கும் சற்று அதிகமான கொரியர்களிலிருந்துதான் அமெரிக்கக் கொரியர்களின் வரலாறு தொடங்குகிறது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கொரியாவிலோ பஞ்சம். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் சுமார் 7,000 பேர் வந்தார்கள். 1905இல் கதவு சாத்தப்பட்டது. அதே ஆண்டு கொரியாவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த ஜப்பான், 1910இல் அதை முழுவதுமாக விழுங்கியது. வெளிநாடுகளில் இருந்த கொரியர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் ஜப்பானியப் பேரரசின் குடிகள்.

கிம்மின் தந்தை சூன் குவோன் கிம், தாய் நோரா கோ. லாஸ் ஏஞ்சலஸில் டெம்பிள் தெருவும் ஃபிகெரோவா தெருவும் சந்திக்கிற இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பல நாட்டுக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வட்டாரம் அது. 1919 ஜனவரி 29 அன்று யங் ஓக் பிறந்தார். அவர் பிறந்த ஒரு மாதத்தில், மார்ச் 1 அன்று, கொரியா முழுவதும் மக்கள் தெருவில் இறங்கி விடுதலை முழக்கம் எழுப்பினார்கள். ஜப்பானியக் காவலர்கள் சுட்டார்கள், சிறைகள் நிரம்பின. கடல் கடந்திருந்த கொரியர்கள் அன்று முதல் தங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை விடுதலை இயக்கத்துக்கு ஒதுக்கத் தொடங்கினார்கள். தந்தை கிம் பின்னாளில் தென்கொரியாவின் முதல் அதிபரான சிங்மன் ரீயின் அணியைச் சேர்ந்தவர். ஜப்பான் என்ற பெயரே கசப்பாகக் கேட்கும் வீடு. அந்த வீட்டுப் பிள்ளைதான் டர்னருக்கு அப்படிப் பதில் சொன்னது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இதே மளிகைக் கடை வீட்டில்தான் வில்லா கிம்மும் வளர்ந்தார். பிராட்வே நாடக மேடைகளின் தலைசிறந்த ஆடை வடிவமைப்பாளர், இரண்டு முறை டோனி விருது பெற்றவர், யங் ஓக்கின் சகோதரி. ஒரே கடையின் வருமானத்தில் இப்படி இரண்டு பிள்ளைகள்.

அன்றைய அமெரிக்கச் சட்டம் இந்தக் குடும்பத்தை எங்கே வைத்திருந்தது? ஆசியாவிலிருந்து வந்த பெற்றோர் எத்தனை ஆண்டு வரி கட்டினாலும் குடியுரிமை பெற முடியாது. கலிபோர்னியாவின் 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் விளைநிலம் வாங்க முடியாது. 1924இல் ஆசியக் குடியேற்றமே ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தப்பட்டது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் மட்டும் குடிமக்கள், அதுவும் காகிதத்தில். கல்லூரியை ஓராண்டோடு விட்டுவிட்டுக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருந்த கிம், ராணுவத்தில் சேரப் போனார். ஆசியர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1941இல் கட்டாய ஆள்சேர்ப்பில் அதே ராணுவம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. போர்முனைக்கு ஆசியர் ஆகாது என்ற எண்ணம் அப்போதும் போகவில்லை. மெக்கானிக் வேலையில் போட்டார்கள். அங்கிருந்து ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் காலாட்படை அதிகாரிகள் பள்ளிக்குத் தேர்வாகி, 1943 ஜனவரியில் தோளில் பட்டையோடு வெளியே வந்தார். வந்தவரை ராணுவம் அனுப்பி வைத்த இடம்தான் ஷெல்பி.

அந்தப் பதிலோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஹவாய்ப் பையன்களுக்குப் பெருநிலத்திலிருந்து வருகிற எவர் மீதும் நம்பிக்கை கிடையாது, அவர் ஜப்பானிய வம்சாவளியாகவே இருந்தாலும் சரி. அவர்கள் தங்களுக்குள் பேசிய கலப்பு ஆங்கிலம் கிம்முக்குப் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு அவர் கறாரான அதிகாரி. வரைபடம் படிப்பதிலும் இருட்டில் திசை தவறாமல் நடப்பதிலும் அவருக்கு அபாரத் தேர்ச்சி இருந்தது. அதையே தன் பிளட்டூனிடமும் எதிர்பார்த்தார், விடாமல் பழக்கினார். பையன்களுக்கு எரிச்சல். அவர்களுக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது இத்தாலியில், குண்டு விழத் தொடங்கிய பிறகு. யாரோடு போனால் உயிரோடு திரும்பலாம் என்பதைச் சிப்பாய்கள் சில நாட்களிலேயே கண்டுகொள்வார்கள். பூர்விகம் எது என்ற கேள்வி அந்தக் கணக்கில் வருவதில்லை.

1943 செப்டம்பர் 22 அன்று பட்டாலியன் இத்தாலியின் சலேர்னோ கடற்கரையில் இறங்கியது. நவம்பரில் சாண்டா மரியா ஒலிவெட்டோ அருகே நடந்த சண்டையில் கிம் காயமடைந்தார். அவருடைய முதல் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அங்கே கிடைத்தது. பிறகு மழை, சேறு, மலை. 1944 ஜனவரியில் மோன்டே கசினோ. மலை உச்சியில் மடாலயம், கீழே ஜெர்மானியர்கள் தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சதுப்பாக்கிய வயல், அதில் கண்ணிவெடிகள். 1,300 பேரோடு இத்தாலியில் கால் வைத்த பட்டாலியனில் கசினோவுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் 521 பேர். பர்ப்பிள் ஹார்ட் என்பது அமெரிக்க ராணுவத்தில் போர்க்காயத்துக்குத் தருகிற பதக்கம். 100வது பட்டாலியனுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

பிப்ரவரியில் சோர்ந்துபோன அமெரிக்க 34வது டிவிஷன் கசினோ மலையிலிருந்து இறங்க, அதன் இடத்தை எடுத்துக்கொண்டது 4வது இந்திய டிவிஷன். ராஜபுதனத்தாரும் கூர்க்காக்களும் போரிட்ட அந்த டிவிஷனில் பாதை போடவும் கண்ணிவெடி அகற்றவும் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் இருந்தது. ஹவாய்ப் பையன்கள் நடந்த அதே சரிவுகளில் சில நாள் கழித்துத் தென்னிந்தியர்கள் மண்வெட்டி பிடித்தார்கள்.

இனி ஆன்சியோ. ரோமுக்குத் தெற்கே இருந்த அந்தக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் 1944 ஜனவரி 22 அன்று இறங்கின. இறங்கினவே தவிர நகர முடியவில்லை. முசோலினி காலத்தில் சதுப்பை வடித்து உருவாக்கிய தட்டையான வயல்வெளி அது. ஒதுங்க ஒரு மேடு கிடையாது. எதிரே அல்பன் குன்றுகளில் ஜெர்மானியர்கள் உட்கார்ந்துகொண்டு கீழே அசைவது எல்லாவற்றையும் பார்த்தார்கள். பகலில் தலையை நீட்டினால் பீரங்கி பேசும். அதனால் இரண்டு தரப்புக்கும் வாழ்க்கை தலைகீழாகிவிட்டது. இரவில்தான் உணவு வரும், தளவாடம் வரும், ரோந்து போகும். பகல் என்பது குழிக்குள் சுருண்டு கிடக்கும் நேரம். மார்ச் இறுதியில் 100வது பட்டாலியனும் இந்தக் குழிகளுக்கு வந்து சேர்ந்தது.

மே மாதத்தில் முற்றுகையை உடைத்துக்கொண்டு ரோமை நோக்கிப் பாயத் திட்டம் தயாரானது. தளபதிகளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. எதிரே ஜெர்மன் டாங்கிப் பிரிவு நிற்கிறதா, இல்லையா? வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கைதி கிடைத்தால் தெரிந்துவிடும். கைதி பிடிக்க இரவுதோறும் ரோந்துகள் போயின. போனவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை.

அப்போது பட்டாலியனின் உளவுத் தகவல் பொறுப்பு கிம்மிடம் இருந்தது. அவர் எதிர் முனையைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கும் ஜெர்மன் சிப்பாய் விடிந்ததும் என்ன செய்கிறான்? தூங்குகிறான். இந்தத் திறந்த வெளியில் பகலில் எவன் வருவான் என்ற நம்பிக்கையில் நன்றாகவே தூங்குகிறான். அப்படியானால் போக வேண்டிய நேரம் பகல்தான். இதைக் கேட்டவர்களுக்குத் தற்கொலை யோசனையாகத்தான் பட்டிருக்கும். கிம் தானே போவதாகச் சொன்னார். அவரோடு வர முன்வந்தவர் இர்விங் அகஹோஷி என்ற சிப்பாய்.

மே 16 இரவில் புறப்பட்டு, சிஸ்டெர்னா அருகே எதிரியின் எல்லைக்குள் நுழைந்தார்கள். விடிந்த பிறகு அந்த இருவரும் ஜெர்மன் காவல் நிலைகளின் கண்ணெதிரே மறைப்பில்லாத வெளியில் மார்பால் ஊர்ந்தார்கள். 600 கஜத்துக்கும் மேல். அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான அந்தத் தூரத்தை ஒரு செடியும் அசையாதபடி ஊர்ந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு நீளும் என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம். பதுங்கு குழி ஒன்றில் இருந்த இரண்டு ஜெர்மானியர்களை ஒரு சத்தமும் எழாமல் பிடித்தார்கள். பிடித்த கைதிகளையும் ஓட்டிக்கொண்டு அதே வழியில் ஊர்ந்தே திரும்பினார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

கைதிகளிடமிருந்து கிடைத்த தகவல், பாய்ச்சலுக்குத் தேர்ந்தெடுத்த பாதையில் டாங்கிப் பிரிவு இல்லை என்பது. மே 23 அன்று தாக்குதல் தொடங்கியது. ஜூன் 4 அன்று ரோம் விழுந்தது. நகரத்துக்குச் சில மைல் முன்பாகவே 100வது பட்டாலியன் நிறுத்தி வைக்கப்பட்டது. மலர் தூவி வரவேற்ற ரோம் மக்களின் முன்னால் வேறு பிரிவுகள் அணிவகுத்துப் போயின. கிம்முக்குச் சிறப்புச் சேவைச் சிலுவை கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் மெடல் ஆஃப் ஹானருக்கு அடுத்த உயரிய வீரப் பதக்கம் அது.

ஊர்ந்து போன துணிச்சலை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழத்தான் வேண்டும். என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய நாட்கள். எதிரியைப் பூதமாக எண்ணிக்கொள்ளாமல், தூக்கம் வந்தால் கண் அயர்கிற சாதாரண மனிதனாகப் பார்க்கத் தெரிந்திருந்தது கிம்முக்கு. தன்னைத் தோற்றத்தை வைத்து ஒதுக்கிய ஒரு நாட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பார்வை இருந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அதே ஜூன் 26 அன்று பெல்வெடேர் என்ற மலைக் கிராமத்தில் பட்டாலியன் வென்ற சண்டைக்கும் கிம் வகுத்த திட்டம்தான் அடிப்படை. அதற்காகப் படைப்பிரிவு முழுமைக்கும் அதிபரின் பாராட்டு கிடைத்தது. அக்டோபரில் பிரான்சின் வோஷ் மலைக்காடு. புருயேர் ஊரை மீட்ட கையோடு, பீஃபோன்டேன் என்ற கிராமத்தையும் பிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பீரங்கித் துணை எட்டாத பள்ளத்தில் இருந்த கிராமம் அது, பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கிம் எதிர்த்தார். உத்தரவு உத்தரவுதான். கிராமம் விழுந்தது, கிம்மின் கையில் குண்டு பாய்ந்தது. காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் கொண்டுபோன கூட்டம் காட்டுக்குள் ஜெர்மானியர்களிடம் சிக்கிக்கொண்டது. அந்தக் குழப்பத்தில் கிம்மும் ரிச்சர்ட் சினென் என்ற மருத்துவ உதவிச் சிப்பாயும் நழுவித் தப்பினார்கள். கையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தானபோது, அந்நாளில் அரிய மருந்தாக இருந்த பெனிசிலின் அவரைக் காப்பாற்றியது. விடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது.

1946இல் ராணுவத்தை விட்டு விலகி, வாடிக்கையாளர்களே துணி துவைத்துக்கொள்ளும் இயந்திரச் சலவைக் கடை ஒன்றைத் தொடங்கினார். அப்போது அது புதிய தொழில். நன்றாக ஓடியது, ராணுவச் சம்பளத்தைவிடப் பல மடங்கு வருமானம். அப்படியே இருந்திருக்கலாம். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் கடையை விட்டுவிட்டு மீண்டும் சீருடை போட்டார். தாய் தந்தையர் பிறந்த மண்ணுக்குத் தான் பட்ட கடன் என்று அதை எண்ணினார்.

1951இல் 7வது டிவிஷனின் 31வது காலாட்படை ரெஜிமென்டில் சேர்ந்தார். அந்த வசந்தத்தில் சீனப் படைகளை வடக்கே தள்ளிக்கொண்டு போனதில் கிம் வழிநடத்திய வீரர்கள் மற்றப் பிரிவுகளைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் அமெரிக்கர்கள் இருக்க முடியாது என்று நினைத்த சொந்தப் பீரங்கிப் படையே அவர்கள் மீது குண்டு பொழிந்தது. கிம்மின் கால்கள் சிதைந்தன. டோக்கியோ மருத்துவமனையில் கால்களைக் காப்பாற்றினார்கள். இரண்டு மாதத்தில் போர்முனைக்குத் திரும்பி, மேஜர் பதவியோடு 1வது பட்டாலியனின் தளபதியானார். வெள்ளையரல்லாத ஒருவர் அமெரிக்கக் காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்குப் போர்க்களத்தில் தலைமை தாங்குவது அந்நாளில் மிக அரிது. ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் 1948இல்தான் கையெழுத்திட்டிருந்தார். பத்தாண்டுக்கு முன் சேர்த்துக்கொள்ள மறுத்த ராணுவம் இப்போது ஒரு முழு பட்டாலியனின் உயிர்களை கிம்மின் கையில் கொடுத்தது.

அந்த பட்டாலியன் செய்த இன்னொரு வேலையும் உண்டு. சியோலில் போரில் பெற்றோரை இழந்த 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்த இல்லம் ஒன்றைக் கிம்மின் வீரர்கள் தத்தெடுத்தார்கள். உணவும் உடையும் பணமும் போர்முனையிலிருந்து போய்க்கொண்டிருந்தன. கொரிய மொழி அரைகுறையாகத்தான் வரும் கிம்முக்கு. அந்தப் பிள்ளைகளில் சிலர் முதியவர்களான பிறகும் அவரை மறக்கவில்லை.

1952 செப்டம்பரில் கிம் கொரியாவை விட்டுப் புறப்பட்டார். அதே 1952இல்தான் கொரியாவில் பிறந்தவர்களும் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் மாறியது. கிம்மின் பெற்றோரின் தலைமுறை அதற்காக அரை நூற்றாண்டு காத்திருந்தது. அதற்குள் மகன் அந்த நாட்டுக்காக இரண்டு போர்களை முடித்திருந்தார்.

1972இல் கர்னலாக ஓய்வுபெற்றார். சிறப்புச் சேவைச் சிலுவையோடு இரண்டு வெள்ளி நட்சத்திரங்கள், இரண்டு வெண்கல நட்சத்திரங்கள், மூன்று பர்ப்பிள் ஹார்ட்கள். பழைய காயங்களுக்காக அறுவை சிகிச்சைகள் தொடர்ந்தபடியே இருந்தன. வலி வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதோடுதான் கல்லூரிக்குப் போய் வரலாற்றில் பட்டம் வாங்கினார், அடுத்த 30 ஆண்டுகளும் உழைத்தார்.

இந்த உழைப்பைப் பதக்கக் கதைகள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. வீட்டில் அடிபட்டு வெளியேறும் ஆசியப் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே பேசிப் புகலிடம் தரும் அமைப்பு ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் உருவானபோது, அதற்குத் துணை நின்றவர்களில் இந்த முன்னாள் கர்னலும் ஒருவர். எழுபதுகளின் குடியேற்றச் சமூகத்தில் அது ஆண்கள் வாய்திறக்க விரும்பாத விஷயம். கொரியக் குடியிருப்பின் இளைஞர் மையத்துக்கும் ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்கான நலவாழ்வு மையத்துக்கும் அவர் கைகொடுத்தார். ஜப்பானிய அமெரிக்கர்களின் தேசிய அருங்காட்சியகத்தை உருவாக்கியவர்களிலும் அவர் பெயர் இருக்கிறது. ஜப்பானிய அமெரிக்க வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் அறக்கட்டளையின் தலைவராகவும் ஒரு கொரியரையே அந்தச் சமூகம் ஏற்றது. லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவில் 1999இல் திறக்கப்பட்ட அந்தக் கருங்கல் சுவரில் 16,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

கடினமான ஒரு பொறுப்பும் அவருக்கு வந்தது. 1950 ஜூலையில் நோகுன்-ரி என்ற ஊரில் அமெரிக்கப் படையினர் கொரிய அகதிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி 1999இல் வெளிப்பட்டபோது, அமெரிக்க அரசு நடத்திய விசாரணைக்கு ஆலோசனை சொல்லும் வெளி வல்லுநர்களில் ஒருவராக கிம் இருந்தார். 2001இல் வந்த அறிக்கை, மக்கள் கொல்லப்பட்டதை ஒப்புக்கொண்டது. சுடும்படி உத்தரவு இருந்ததற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. உயிர் பிழைத்தவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். கிம்மின் மீது எவ்வளவு மதிப்பு வைத்தாலும் அவர் வாழ்க்கையின் இந்தப் பக்கத்தை மறைத்து எழுத முடியாது.

2000 ஜூன் 21 அன்று அதிபர் கிளின்டன் ஆசிய வம்சாவளி வீரர்கள் 22 பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் வழங்கினார். இனத்தின் காரணமாக அந்நாளில் தாழ்ந்த பதக்கத்தோடு நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பாலோர் 100வது பட்டாலியனையும், அதைப் போலவே ஜப்பானிய வம்சாவளி வீரர்களைக் கொண்ட 442வது ரெஜிமென்டையும் சேர்ந்தவர்கள். அந்தப் பட்டியலில் கிம் இல்லை. 2005இல் பிரான்ஸ் தன் லீஜியன் ஆஃப் ஹானரை அவருக்கு அளித்தது. தென்கொரியா தன் மிக உயர்ந்த போர் விருதான தேகுக் விருதை வழங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, 86 வயதில், புற்றுநோயால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அவரை ஹோனலூலுவின் பஞ்ச்பௌல் தேசிய நினைவுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். ஷெல்பியில் அவரோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று டர்னர் கவலைப்பட்ட ஹவாய்ப் பையன்கள் பலரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கிம் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்த 1944 அக்டோபர் கடைசி வாரத்தில், வோஷ் காட்டில் ஒரு டெக்சாஸ் பட்டாலியன் ஜெர்மானியர்களின் வளையத்துக்குள் சிக்கியது. 211 பேரை மீட்க 442வது ரெஜிமென்டை அனுப்பினார் டிவிஷன் தளபதி ஜான் டால்க்விஸ்ட். கொடுத்த விலை ஏறக்குறைய 800 பேரின் உயிரும் உடலும். அந்த உத்தரவு நியாயமானதா என்ற விவாதம் இன்றுவரை தீரவில்லை. அடுத்த இதழில் அந்தக் காட்டுக்குள் போவோம்.

(தொடரும்)